பழைய மரப் பாகங்களில் சரக்கு வேகன்: எறிவதா, கட்டுவதா?

ஜனவரி 6

மாமாவின் வீடு கைமாறுகிறது. அலமாரி மேல்தட்டில் கிடந்த பெரிய பிஸ்கட் தகரத்தை மாமி என் கையில் தந்து, "தம்பி, உனக்குத்தானே கோச்சி என்றால் உயிர், கொண்டு போ" என்றார்.

மாமா கப்பலில் வேலை செய்தவர். அறுபதுகளில் அமெரிக்கத் துறைமுகங்களில் வாங்கிய மாதிரி ரயில் பெட்டிகளின் மிச்சம் அது. ஒன்றும் முழுமையாக இல்லை. கூரை வடிவத்துக்குச் சீவிய கட்டை 5, தரைப் பலகை 7, முனைக் கட்டை 11, பலகை பலகையாகத் தெரியக் கீறல் போட்ட மெல்லிய தாள் பலகை ஒரு கட்டு, கைப்பிடி வளைக்கப் பித்தளைக் கம்பி, பாதி கிழிந்த வரைபடம். சில்லு இல்லை, சில்லுகளைத் தாங்கும் சட்டமான பொகி இல்லை, இணைப்புக் கொக்கி இல்லை.

கேள்வி இதுதான். அறுபது வருடம் பழைய மரம். நான் இருப்பது வெள்ளவத்தையில், கரையோரப் பாதைக்குப் பக்கத்தில், உப்புக் காற்று நேரே வீட்டுக்குள் வரும் இடம். இந்த மரத்தில் உண்மையாக ஓடக்கூடிய சரக்கு வேகன் கட்டலாமா? என் எண்ணம்: கட்டலாம், புதிய மரத்தைவிட நன்றாகவே வரும். பழைய மரம் வளைய வேண்டியதெல்லாம் வளைந்து முடித்திருக்கும்.

ஜனவரி 9

மட்டக்களப்பிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: எந்த அளவுக்கான பாகம் என்று எப்படித் தெரியும், பெட்டியில் எழுத்தே இல்லையே?

கீறல்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து பாருங்கள். அமெரிக்க மர வேகன்களின் பக்கச் சுவரில் அடித்த பலகை பெரும்பாலும் 3¼ அங்குல அகலம். எச்ஓ அளவில், அதாவது 87 இல் 1 இல், அது ஒரு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. 48 இல் 1 இல் 1.7 மில்லிமீற்றர். என்னிடம் இருக்கும் கட்டில் பாதிக்கு மேல் ஒரு மில்லிமீற்றருக்குள் வருகிறது, ஆகவே எச்ஓ. தரைப் பலகையின் நீளம் 140 மில்லிமீற்றர். எச்ஓவில் ஓர் அடிக்கு 3.5 மில்லிமீற்றர், அப்படியென்றால் 40 அடி. அமெரிக்கப் பெட்டி வேகனின் வழமையான நீளமே அதுதான். அகலம் 31.5, அது 9 அடி. கணக்குச் சரியாக விழுந்தபோது மாமாவே பக்கத்தில் இருந்து சொன்னது போல இருந்தது.

ஜனவரி 10

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ஒரே கட்டு என்று நினைத்தது இரண்டு. அடியில் கிடந்த நாலு தாள்களின் கீறல் இடைவெளி 1/16 அங்குலம், கிட்டத்தட்ட 1.6 மில்லிமீற்றர். எச்ஓவில் அது ஐந்தரை அங்குலப் பலகை, பக்கச் சுவருக்குத் தடிப்பாகத் தெரியும். 48 இல் 1 இல் அதுவே 3 அங்குலம், அருமையாகப் பொருந்தும். ஒரே தகரத்தில் இரண்டு அளவு கலந்திருக்கிறது. அளக்காமல் வெட்டாதீர்கள்.

ஜனவரி 21

ஒரு தரைப் பலகையையும் ஒரு கூரைக் கட்டையையும் எடுத்துக்கொண்டு மொறட்டுவைக்குப் போனேன். அங்கே எனக்குத் தெரிந்த பாஸ் (தச்சர்) ஒருவர் தளபாடப் பட்டறை வைத்திருக்கிறார். பலகையைக் கையில் எடுத்தவர் முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு நகத்தால் அழுத்தினார். "மாத்தயா, இது நம் ஊர் மரம் இல்லை. ஆனால் லுணுமிதெல்ல மாதிரி" என்றார். லுணுமிதெல்ல என்பது நம் மலைவேம்பு. பாரம் இல்லாதது, நார் அதிகம் தெரியாது, கத்தி இலேசாக இறங்கும்.

மாமாவின் பாகங்கள் பாஸ்வுட் என்கிற அமெரிக்க மரம். நார் மிக மெல்லியது. அதனால்தான் 87 மடங்கு சிறிதாக்கிய பலகையிலும் மரத்தின் வரி மொத்தமாகத் தெரிவதில்லை. தேக்கில் ஒரு வேகன் செய்தால் வரி ஒவ்வொன்றும் வேகனுக்கு ஓர் அடி அகலமாக நிற்கும். பழைய பாகத்துக்குச் சேர்க்க மரம் தேவைப்பட்டால் மலைவேம்பைத் தேடுங்கள், தேக்கையோ பலாவையோ தேட வேண்டாம்.

பாஸ் இன்னொன்றும் சொன்னார். எதைப் பூசினாலும் இரண்டு பக்கமும் பூசு, ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை உன்னை விட்டுத் திரும்பிக்கொள்ளும் என்று. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை ஒரு சின்னப் போத்தலில் ஊற்றித் தந்தார், காசு வாங்கவில்லை.

பெப்ரவரி 4

சுதந்திர தின விடுமுறை, நாள் முழுக்க மேசைதான்.

முதல் பெட்டி வேகன் உருவம் எடுத்துவிட்டது. தரைப் பலகைக்கு இரண்டு முனைக் கட்டை, மேலே கூரைக் கட்டை. இந்தக் கட்டை உடம்பு நிற்கும்போதே பாதி வேலை முடிந்த மாதிரி ஒரு பலம் கைக்குத் தெரியும். பிளாஸ்டிக் பெட்டியில் நாலு சுவரையும் மூலைமட்டம் பார்த்துப் பிடித்துக்கொண்டு தவிக்க வேண்டும். இங்கே முனைக் கட்டையே மூலைமட்டம்.

பழைய மரத்தில் பார்க்க வேண்டியவை. கீறல் பலகை வறண்டு போயிருக்கும், மடக்கினால் கீறலோடு பிளக்கும். வெட்டும் முன் பின்பக்கம் ஒரு கை அரக்கு, காய்ந்த பிறகு புதிய பிளேடு, ஒரே இழுப்பில் அறுக்காமல் நாலைந்து மெல்லிய இழுப்பு. அரக்கு காய்ந்ததும் நார் மயிர் போல எழும்பும். மிக மெல்லிய சாண்ட்பேப்பரால் கீறல் போகும் திசையிலேயே தடவ வேண்டும், குறுக்கே தடவினால் கீறல் அடைந்துவிடும். பழைய பசை மஞ்சளாகக் காய்ந்து முனைகளில் ஒட்டியிருந்தால் முழுதாகச் சுரண்டி எடுங்கள், அதன் மேல் எந்தப் பசையும் பிடிக்காது. இரும்பு ஆணி வேண்டாம். கொழும்பில் ஆறே மாதத்தில் கறல் பிடித்து, நிறத்துக்குள்ளால் செம்மஞ்சள் புள்ளி வரும். பித்தளை மட்டும்.

தகரத்தில் கதவுத் தண்டவாளம் என்று வார்ப்பு நாகத்தில் (துத்தநாகத்தில்) சில துண்டுகள் இருந்தன. தொட்டதும் வெடித்து நொறுங்கின. பழைய நாக வார்ப்பில் ஈயக் கலப்பு இருந்தால் அப்படித்தான், உள்ளே இருந்தே வெடிக்கும். அதைக் காப்பாற்ற வழி கிடையாது. கம்பியை வளைத்து மாற்றாகப் போட்டேன்.

பெப்ரவரி 5

வேகன் எவ்வளவு பாரம் இருக்க வேண்டும் என்று கேட்டவருக்கு: அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில்பாதைச் சங்கம் எச்ஓவுக்குச் சொல்வது, அடிப்படை ஓர் அவுன்ஸ், அதோடு ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். 140 மில்லிமீற்றர் என்றால் ஐந்தரை அங்குலம். மொத்தம் மூன்றே முக்கால் அவுன்ஸ், 106 கிராம். என் மர வேகன் பொகியோடு சேர்த்து 44 கிராம்தான். 62 கிராம் உள்ளே போட வேண்டும். பாரம் போதாத வேகன் வளைவில் உள்பக்கமாகச் சாயும், நீள வரிசையில் நடுவில் மாட்டினால் தூக்கி எறியப்படும்.

நான் மூன்று வருடத்துக்கு முன் செய்த வேகனில் ஈயக் குண்டுகளை உள்ளே கொட்டி வெள்ளைப் பசை ஊற்றினேன். சுலபமான வழி.

மார்ச் 10

கண்டியிலிருந்து ஒரு நண்பர் கோபமாகவே எழுதியிருக்கிறார். கொழும்பில் இருந்துகொண்டு ஏன் அமெரிக்கப் பெட்டி, நம் வேகன் இல்லையா என்று. நியாயமான கேள்வி. மூன்று நாள் யோசித்துத்தான் பதில் எழுதுகிறேன்.

நம் அகலப் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 5 அடி 6 அங்குலம். கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீற்றர், அது 4 அடி 8½ அங்குலத்துக்கான கணக்கு. எச்ஓவில் நம் பாதை வேண்டுமென்றால் 19.25 மில்லிமீற்றர். அப்படி ஒரு தண்டவாளம் கடையில் இல்லை, கையால் போட வேண்டும். பிரித்தானிய அளவான ஓஓவில் அடிக்கு 4 மில்லிமீற்றர், அங்கே நம் பாதை சரியாக 22 மில்லிமீற்றர். 64 இல் 1 அளவுக்கு விற்கும் தண்டவாளம் 22.5 மில்லிமீற்றர், அதைப் போட்டால் அரை மில்லிமீற்றர்தான் பிசகு. அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் மாமாவின் பாகங்களை அதற்குள் திணித்தால் அவை எல்லாம் அளவு கெட்டுப் போகும்.

அப்போதுதான் ஜனவரியில் ஒதுக்கி வைத்த அந்த நாலு தாள் நினைவு வந்தது. 48 இல் 1. அந்த அளவில், களனிவெளி என்ற பழைய ஒடுக்கமான ரயில் பாதையின் 2 அடி 6 அங்குலம் என்ன வரும்? 15.9 மில்லிமீற்றர். கடையில் கிடைக்கும் சாதாரண 16.5 மில்லிமீற்றர் தண்டவாளம் அதற்குப் போதும்! அமெரிக்காவில் இதற்கு ஓஎன்30 என்றே தனிப் பெயர் உண்டு. நம் ஊரில் அவிசாவளை, இரத்தினபுரி என்று போன சின்னக் கோச்சிக்கும், நானு ஓயாவிலிருந்து ராகலைக்குப் போன பாதைக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

களனிவெளிப் பாதையை 1990களில் அகலப் பாதை ஆக்கிவிட்டார்கள், அவிசாவளைக்கு அப்பால் இப்போது ரயிலே இல்லை. அப்பாவுக்குக் கிருலப்பனையில் அந்தச் சின்னக் கோச்சி போனது நன்றாக நினைவிருக்கிறது. சைக்கிளில் பக்கத்தில் ஓட்டிப் போய் முந்தியதாகச் சொல்வார்.

ஆக என் தீர்மானம்: எந்த வேகனைக் கட்டுவது என்று நான் முடிவு செய்துவிட்டுப் பாகத்தை வெட்டுவதில்லை. பாகத்தை அளந்து, அது எந்த வேகனாக முடியும் என்று பார்க்கிறேன். எச்ஓ தரைப் பலகை 140க்கு 31.5, அதுவே 48 இல் 1 இல் 22 அடிக்கு 5 அடி. ஒரு தோட்டத்துச் சின்ன வேகனின் உடம்பு. ஒரு மில்லிமீற்றர்கூட வெட்ட வேண்டியதில்லை.

மார்ச் 11

ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் கட்டப்போவது களனிவெளியின் குறிப்பிட்ட எந்த வேகனின் பிரதியும் அல்ல. பழைய அளவுப் படம் என் கையில் இல்லாமல் பிரதி என்று சொல்ல மாட்டேன். அந்தப் பாதையில் ஓடியிருக்கக்கூடிய ஒன்று, அவ்வளவுதான்.

ஏப்ரல் 28

புதுவருட விடுமுறையில் ஹட்டன் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போனோம். விறகுக் கொட்டிலில் ஒரு பழைய தேயிலைப் பெட்டி. இப்போது தேயிலை கடதாசிச் சாக்கில் போகிறது, அந்தக் காலத்தில் ஒட்டுப்பலகைப் பெட்டி, விளிம்பில் தகரப் பட்டி, உள்ளே ஈயத்தாள். ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கிவந்தேன்.

அந்தப் பலகை மூன்று அடுக்கு. முழுதாக வைத்தால் தடிப்பு, எனக்கு உதவாது. ஒரு சின்னத் துண்டை வெந்நீரில் அரை மணி நேரம் போட்டுப் பார்த்தேன். பழைய பசை தானாகவே விட்டது. மூன்று தனித் தகடு, ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரை ஒட்டி. இரண்டு கண்ணாடிக்கு நடுவில், கடதாசி வைத்து, மேலே புத்தகப் பாரம் ஏற்றி ஒரு வாரம் காய வைத்தேன். மட்டமாக வந்தது. கீறிப் பலகையாக்கியதும் சின்ன வேகனின் பக்கச் சுவர் ரெடி. ஒரு தகட்டின் உட்பக்கத்தில் அச்சு மையின் கால்வாசி எழுத்து இருக்கிறது. அதை மறைக்காமல் வேகனின் உள்பக்கமாகத் திருப்பி ஒட்டியிருக்கிறேன். தேயிலையைச் சுமந்த பலகை, தேயிலை வேகனாக நிற்கிறது.

தகரப் பட்டியையும் எறியவில்லை, மூலைக்கு இரும்புச் சட்டம் அதில்தான்.

மே 29

ஜனவரி 6 இல் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். பழைய மரம் வளைந்து முடித்திருக்கும் என்றேன். தவறு.

தென்மேற்குப் பருவ மழை தொடங்கிப் பத்து நாள். மேசை மேல் விட்டிருந்த திறந்த தட்டு வேகனைத் தண்டவாளத்தில் வைத்தேன், ஒரு சில்லு காற்றில் நிற்கிறது. நேர்கோலை குறுக்கே வைத்துப் பார்த்தால் தளத்தின் நடு மேலெழுந்து, இரண்டு ஓரமும் சரிந்திருக்கிறது. அந்தத் தளத்தின் மேல்பக்கத்தைப் பூசாமல் விட்டிருந்தேன். அறுபது வருடச் சாம்பல் நிறம் அவ்வளவு அழகு, எந்த நிறப்பூச்சும் அதைத் தராது. அடியில் மட்டும் கறுப்பு அடித்தேன். பாஸ் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. பூசாத மேல்பக்கம் ஈரத்தைக் குடித்து அகன்றது, பூசிய அடிப்பக்கம் அகலவில்லை.

வயது போனால் மரம் ஈரம் குடிப்பதை நிறுத்துவதில்லை. காற்றின் ஈரப்பதன் 50 வீதமாக இருந்தால் மரத்துக்குள் சுமார் 9 வீதம் நீர் நிற்கும், 80 வீதமானால் 16 வரை ஏறும். ஏசி அறையிலிருந்து மழைக்கால விறாந்தைக்கு எடுத்துப் போனால் நடப்பது இதுதான். பாஸ்வுட் நாருக்குக் குறுக்கே நன்றாக அசையும் மரம். 31.5 மில்லிமீற்றர் அகலத்தில் அரை மில்லிமீற்றருக்கு மேல் கணக்கு வருகிறது. நீளவாக்கில் அசைவே இல்லை என்று சொல்லலாம்.

பழைய மரத்தின் நன்மை வேறு இடத்தில் இருக்கிறது. கோணல் நாரோடு இருந்த துண்டு இந்த அறுபது வருடத்தில் முறுகி, முகத்தைக் காட்டிவிட்டது. ஏழு தரைப் பலகையில் இரண்டைக் கண்ணாடி மேல் வைத்ததுமே ஒதுக்கினேன். புதிய மரம் அதைக் கட்டிய பிறகுதான் காட்டும்.

ஜூன் 2

பெட்டி வேகன் தப்பியது, அதை இரண்டு பக்கமும் பூசியிருந்தேன். ஆனாலும் ஒரு மூலையில் மயிரிழை பிளவு. தரையை இரண்டு ஓரத்திலும் திருகாணி போட்டு இறுக்கியதால் அகல இடமில்லாமல் சுவரைத் தள்ளியிருக்கிறது. இப்போது நடுக்கோட்டில் மட்டும் இரண்டு திருகாணி, ஓரத்தில் கடதாசித் தடிப்புக்கு இடைவெளி. தட்டு வேகனைச் சுடுநீர் ஆவியில் காட்டி, மட்டமாகப் பாரம் ஏற்றி, காய்ந்ததும் மேல்பக்கத்துக்கு நீர்த்த அரக்கு இரண்டு கை கொடுத்தேன். சாம்பல் நிறம் கொஞ்சம் மங்கியது. மனம் நொந்தது, வேறு வழியில்லை.

ஜூலை 13

பெப்ரவரி 5 இல் ஈயக் குண்டும் வெள்ளைப் பசையும் சுலபமான வழி என்று எழுதியிருந்தேன். அதை யாராவது செய்திருந்தால் இன்றே திறந்து பாருங்கள்.

அந்த மூன்று வருட வேகனின் தரை கீழே பிதுங்கியிருந்தது. மழை என்றே நினைத்தேன். திருகாணியைக் கழற்றியதும் தரை டக்கென்று விலகியது. உள்ளே ஈயக் குண்டுகளைக் காணவில்லை, வெள்ளைப் பொடியும் கட்டியும்தான். பசையும் மரமும் மெல்ல மெல்ல அசற்றிக் அமிலத்தைக் கசியவிடும். ஈரமும் காற்றும் சேர்ந்தால் ஈயம் வெள்ளைக் காரீயமாக மாறும், மாறும்போது ஊதும். அந்த ஊதலுக்கு ஒரு மில்லிமீற்றர் பலகை எங்கே தாங்கும்? மரக் கப்பல் மாதிரிகளில் ஈயப் பீரங்கிகளுக்கும் இதே நோய்தான்.

அந்தப் பொடி நஞ்சு. ஊதாதீர்கள், சாண்ட்பேப்பர் போடாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறிந்து, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைகளை மேசைக்குக் கிட்ட விடாதீர்கள். என் மகள் அந்த வேகனைத்தான் அடிக்கடி கையில் எடுப்பாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது எல்லாவற்றிலும் இரும்பு நட்டு. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடையில் கைநிறைய அள்ளினேன், கறல் பிடிக்காமல் நிறம் அடித்து, இரட்டைப் பசையால் (எபொக்சி) நடுக்கோட்டில் ஒட்டினேன். ஈயத்தைவிட இடம் அதிகம் எடுக்கும், பெட்டி வேகனுக்குள் அது ஒரு குறையே இல்லை.

ஆகஸ்ட் 18

தட்டு வேகனுக்கு என்ன பாரம் ஏற்றுவது என்று பல பேர் கேட்டீர்கள். ஏற்றிவிட்டேன்.

கொடிகாமத்தில் பெரியம்மா வீட்டு ஆட்டுக் கொட்டிலுக்கு ஒரு கால், தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டை. 1990க்குப் பிறகு வடக்கில் ரயில் நின்றுபோய், தண்டவாளமும் கட்டையும் பதுங்குகுழிக்கும் வீட்டுக்கும் என்று போன கதை எல்லோருக்கும் தெரியும். 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்தபோது கீழே கொங்கிறீற்றுச் சிலிப்பர். பழையது கொட்டில் காலாகவே நின்றது. போன மாதம் போனபோது அதன் தலையில் ஒரு சாண் அறுத்துத் தரச் சொன்னேன்.

இந்த மரத்தை நான் இதுவரை சொன்ன எதனோடும் சேர்க்க முடியாது. இரும்பு மாதிரி. இரண்டு வாள் அலகு முறிந்தது. வெளியே எண்ணெய் ஊறிக் கறுப்பு, உள்ளே சிவப்பு, அறுக்கும்போது பழைய ஸ்டேஷன் வாசம் வந்தது. பலகையாகக் கீற முடியவில்லை, நார் தெறிக்கிறது. ஆனால் கட்டையாக அறுபடும். அகலப் பாதைக்கு வழமையான சிலிப்பர் 9 அடி நீளம், 10 அங்குல அகலம், 5 அங்குலத் தடிப்பு. எச்ஓவில் 31.5 மில்லிமீற்றர், 2.9, ஒன்றரை. மூன்று ஞாயிற்றுக்கிழமையில் 40 கட்டை அறுத்தேன். பூசவில்லை. இந்த மரத்துக்குப் பூச்சு தேவைப்படவில்லை, மழை நாட்களில் மேசையில் கிடந்தும் அளவு மாறியதாகத் தெரியவில்லை.

இரண்டு வரிசையாக அடுக்கி, மெல்லிய கம்பியால் கட்டி, மாமாவின் தரைப் பலகை மேல் ஏற்றியிருக்கிறேன். நேற்று முதல் ஓட்டம். வளைவில் சாயவில்லை.

படத்தைப் பெரியம்மாவுக்கு அனுப்பினேன். இரவு போன் எடுத்தார். "மற்றக் காலும் உக்கேல்லை, பஸ்ஸில குடுத்து விடட்டோ?" என்று கேட்டார். வேண்டாம் பெரியம்மா, கொட்டில் நிற்கட்டும் என்றேன்.

ஆகஸ்ட் 19

தகரத்தில் இனிக் கூரைக் கட்டை மூன்று, தரை மூன்று. கீறல் பலகை ஒரு வேகனுக்கு மட்டும் வரும். மற்ற இரண்டுக்கும் தேயிலைப் பெட்டித் தகடு. பொகி கிடைத்ததும் எழுதுகிறேன்.